காலர் மைக்கைச் செருகினால் ஸ்பீக்கர் அணைகிறது, குரலோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் பதிவாகிறது: காரணம் என்ன?

மாலைவாசகன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம்.

சிறுவர் கதைகளை உரக்க வாசித்து ஒலிக்கோப்புகளாக ஆக்கும் வேலையைச் சில வாரங்களாகச் செய்துவருகிறேன். மடிக்கணினிக்குள்ளேயே இருக்கும் மைக்கில் பதிவு செய்தபோது அறையின் எதிரொலி மிகுதியாக இருந்ததால், சட்டையில் கவ்வவைக்கும் காலர் மைக் ஒன்றை வாங்கினேன். அது யு.எஸ்.பி வகையைச் சேர்ந்ததல்ல. ஹெட்போன்களில் இருப்பதுபோன்ற 3.5 மில்லிமீட்டர் செருகி உடையது. என் மடிக்கணினியின் பக்கவாட்டில் ஒரே ஒரு வட்டத் துளைதான் இருக்கிறது. அதன் அருகில் ஹெட்போனும் மைக்கும் சேர்ந்தாற்போன்ற ஒரு சிறு படம் பொறிக்கப்பட்டிருப்பதால், இரண்டுக்கும் அதுவே பொதுத் துளை என்று எடுத்துக்கொண்டேன். கணினியில் இருப்பது விண்டோஸ் 11, பதிவு செய்வது ஆடாசிட்டியில்.

மைக்கைச் செருகிப் பதிவு செய்தால் குரல் பதிவாகத்தான் செய்கிறது. ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் மெலிந்தும், அறையின் எதிரொலியோடும் கேட்கிறது. நான் விசைப்பலகையில் ஒரு விசையைத் தட்டினால், அந்த ஓசை என் குரலைவிட உரத்துப் பதிவாகிறது. மைக்கை வாய்க்கு மிக அருகில் பிடித்துப் பேசியும் பார்த்தேன்; சிறு மாற்றமும் இல்லை. பழுதான மைக்கோ என்று ஐயப்பட்டு நண்பர் ஒருவரின் கேமராவில் செருகிப் பார்த்தபோது, குரல் மிகத் தெளிவாகப் பதிவானது.

இதற்குத் தொடர்பு உண்டா என்று தெரியவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: மைக்கைச் செருகிய கணமே மடிக்கணினியின் ஸ்பீக்கர் அணைந்துவிடுகிறது. பதிவானதைக் கேட்க ஒவ்வொரு முறையும் மைக்கைக் கழற்ற வேண்டியிருக்கிறது. ஒலி அமைப்புகளில் உள்ளீட்டுக் கருவிகளின் பட்டியலைத் திறந்தால் 'மைக்ரோபோன் அரே' என்ற ஒரே பெயர்தான் தெரிகிறது, அதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

ஒரு வாரமாக இரைச்சல் நீக்கும் வசதியை வைத்துக்கொண்டு பதிவுகளைச் செப்பனிட முயன்று களைத்துவிட்டேன். மைக்கை மாற்றுவதா, கணினியைப் பழுதுபார்க்கக் கொடுப்பதா என்று வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

செப்புக்கம்பி எழுதியது:

வணக்கம். இரண்டையும் உடனே செய்துவிட வேண்டாம். உங்கள் பதிவிலேயே விடை பாதிக்குமேல் இருக்கிறது.

விசைப்பலகையின் ஓசை குரலைவிட உரத்துப் பதிவாகிறது என்கிறீர்கள். சட்டையில், தாடைக்குச் சற்றுக் கீழே இருக்கும் ஒரு மைக்குக்கு விசைப்பலகை தொலைவில் இருக்கும் பொருள். குரலே அண்மையில் இருப்பது. மடிக்கணினிக்குள் இருக்கும் மைக்குக்கோ நிலைமை தலைகீழ். மைக்கை வாயருகே கொண்டுபோயும் மாற்றம் இல்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். தொலைவு பாதியானால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் கூட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. உங்களுக்குச் சிறிதும் கூடவில்லை. ஆகவே என் ஊகம் இதுதான்: இத்தனை நாளும் நீங்கள் காலர் மைக்கில் பதிவு செய்யவே இல்லை. மடிக்கணினியின் உள் மைக்தான் பதிவு செய்துகொண்டிருக்கிறது. 'மைக்ரோபோன் அரே' என்ற பெயரும் பெரும்பாலான மடிக்கணினிகளில் திரைக்கு மேலே கேமராவின் இருபுறமும் பொருத்தப்பட்டிருக்கும் உள் மைக்குகளின் தொகுப்பைத்தான் குறிக்கும்.

ஊகத்தை உறுதிப்படுத்த ஒரு சோதனை போதும். பதிவை ஓடவிட்டு, எதுவும் பேசாமல், காலர் மைக்கின் தலையை நகத்தால் மெல்ல மூன்று முறை சுரண்டுங்கள். ஐந்து நொடி விட்டு, திரைக்கு மேலே கேமராவுக்கு அருகில் அதேபோல் மூன்று முறை சுரண்டுங்கள். எந்தச் சுரண்டல் அலைவடிவில் பெரிதாக எழும்புகிறதோ அந்த மைக்தான் பதிவு செய்கிறது. ஊதிப் பார்ப்பதையும், உள்ளங்கையால் தட்டிப் பார்ப்பதையும் தவிர்த்துவிடுங்கள். ஊதினால் வரும் காற்று மெல்லிய சவ்வுக்கு நல்லதல்ல. தட்டினால் அதிர்வு மேசை வழியாக மற்ற மைக்குக்கும் போய்ச் சேர்ந்து முடிவைக் குழப்பிவிடும்.

கூடவே, காலர் மைக்கின் செருகியில் எத்தனை கறுப்பு வளையங்கள் இருக்கின்றன என்று எண்ணிச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் அணைவதற்கும் அதற்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. எண்ணிக்கை தெரிந்தபின் விரிவாக எழுதுகிறேன்.

நீலத்திரை எழுதியது:

முதலில் மென்பொருள் பக்கத்தைச் சரிபார்ப்பது நல்லது என்பது என் கருத்து. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸைத் திறந்து, பிரைவசி அண்ட் செக்யூரிட்டி என்ற பகுதிக்குள் மைக்ரோபோன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மைக் அனுமதி பொதுவாகத் திறந்திருக்கிறதா என்பதோடு, பக்கத்தின் கீழே டெஸ்க்டாப் செயலிகளுக்கென்று தனியாக இருக்கும் அனுமதியும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆடாசிட்டி போன்ற செயலிகள் அந்தப் பிரிவில்தான் அடங்கும் என்பதால், மேலே இருப்பதை மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுபவர்கள் பலர். மேக் கணினிகளிலும் 2018-இல் வந்த மொஹாவே பதிப்பிலிருந்து ஒவ்வொரு செயலிக்கும் மைக் அனுமதி தனித்தனியாகக் கேட்கப்படுகிறது.

அடுத்து, பழைய சவுண்ட் சாளரத்தில் ரெக்கார்டிங் என்ற தாவலுக்குச் சென்று, மைக்கின் பண்புகளில் லெவல்ஸ் என்பதைத் திறந்தால் மைக்ரோபோன் பூஸ்ட் என்ற நகர்த்தி இருக்கும். அதை 30 டெசிபலுக்கு உயர்த்துங்கள். அப்போதும் குரல் மெலிந்தே இருந்தால் ஒலி டிரைவரை, அதாவது கணினியின் ஒலிப் பகுதியை இயக்கும் மென்பொருளை, நீக்கிவிட்டு மீண்டும் நிறுவிப் பாருங்கள்.

செப்புக்கம்பி எழுதியது:

அனுமதியைப் பார்க்கச் சொன்னது சரியே. ஆனால் அனுமதி மூடப்பட்டிருந்தால் அலைவடிவம் சிறு நடுக்கமும் இல்லாத நேர்கோடாக இருக்கும், அல்லது செயலி பிழைச் செய்தி காட்டும். மாலைவாசகனுக்குக் குரல் பதிவாகிறது. ஆகவே அனுமதி திறந்துதான் இருக்கிறது.

இந்த நேர்கோட்டைப் பற்றி, பின்னால் இதே சிக்கலோடு வருபவர்களுக்காக ஒன்று சொல்லிவைக்கிறேன். பதிவு நடக்கும்போது கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு முற்றிலும் உயிரற்று இருந்தால், ஒலி கணினிக்குள் எங்கோ மென்பொருளால் அடைக்கப்பட்டிருக்கிறது. அனுமதி, மியூட் பொத்தான், தவறான கருவித் தேர்வு ஆகியவற்றைத் தேடுங்கள். கோட்டில் புல்முளைத்தாற்போல் மெல்லிய நடுக்கம் இருந்தும் குரல் இல்லையென்றால், கணினி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது, மைக்கிலிருந்து ஒலி வந்துசேரவில்லை. செருகி, கம்பி, மின்னூட்டம் ஆகியவற்றைத் தேடுங்கள். இரைச்சல் நீக்கும் வசதி ஏதேனும் கணினியில் இயங்கிக்கொண்டிருந்தால் அது நடுக்கத்தையும் துடைத்துவிடும் என்பதால், சோதிக்கும்போது மட்டும் அதை அணைத்துவிட வேண்டும்.

மாலைவாசகன் எழுதியது:

உடனடியாகப் பதிலளித்த இருவருக்கும் நன்றி. அனுமதிகள் இரண்டும் திறந்தே இருக்கின்றன. பூஸ்ட்டை 30 டெசிபலுக்கு ஏற்றியதில் குரல் உரத்தது உண்மைதான். ஆனால் அதே அளவுக்கு இரைச்சலும் எதிரொலியும் உரத்ததால் பயன் ஏதும் இல்லை. டிரைவரை நீக்கி மீண்டும் நிறுவியும் பார்த்துவிட்டேன்.

செப்புக்கம்பி ஐயா சொன்ன சுரண்டல் சோதனையைச் செய்தேன். காலர் மைக்கைச் சுரண்டியபோது அலைவடிவில் அசைவே இல்லை. கேமராவுக்கு அருகில் நகம் பட்டவுடன் மலைபோல் எழும்பியது. ஒரு வாரமாக எந்த மைக்கை விட்டு விலக வேண்டும் என்று நினைத்தேனோ அதிலேயே அத்தனை கதைகளையும் பதிவு செய்திருக்கிறேன் என்பதை எண்ணினால் சிரிப்பதா, நொந்துகொள்வதா என்று தெரியவில்லை.

செருகியில் இரண்டு கறுப்பு வளையங்கள் இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்த்ததில், என் கைபேசியோடு வந்த பழைய ஹெட்செட்டின் செருகியில் மூன்று இருக்கின்றன.

செப்புக்கம்பி எழுதியது:

அப்படியென்றால் சிக்கல் பிடிபட்டுவிட்டது. உங்கள் மைக்கிலும் பழுதில்லை, கணினியிலும் பழுதில்லை. இரண்டும் வெவ்வேறு முறையில் கம்பி இணைக்கப்பட்டவை, அவ்வளவே.

கறுப்பு வளையம் என்பது உலோகப் பகுதிகளைப் பிரிக்கும் காப்பு. இரண்டு வளையம் இருந்தால் உலோகப் பகுதிகள் மூன்று, இதை டி.ஆர்.எஸ் செருகி என்பார்கள். மூன்று வளையம் இருந்தால் பகுதிகள் நான்கு, இது டி.ஆர்.ஆர்.எஸ் செருகி. மடிக்கணினியில் உள்ள ஒற்றைப் பொதுத் துளை நான்கு பகுதிச் செருகிக்காகச் செய்யப்பட்டது. இன்று பரவலாக இருக்கும் சி.டி.ஐ.ஏ முறையில், நுனியில் இடது காதின் ஒலியும், அடுத்த வளையத்தில் வலது காதின் ஒலியும் வெளியே போகின்றன. மூன்றாவது பகுதி எர்த். கடைசியில், செருகியின் அடியில் இருப்பதுதான் மைக் உள்ளே வரும் வழி. பழைய ஓ.எம்.டி.பி முறையில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும். பழைய ஹெட்செட் ஒன்று புதிய கணினியில் ஒழுங்காக வேலை செய்யாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி, மூன்று பகுதிச் செருகியை அந்தத் துளைக்குள் நுழைத்தால் என்ன ஆகிறது என்று பாருங்கள். மூன்று பகுதிச் செருகியின் அடிப்பகுதி, நான்கு பகுதிச் செருகியின் கடைசி இரண்டு பகுதிகளும் சேர்ந்த நீளத்துக்கு இருக்கும். ஆகவே அது துளைக்குள் எர்த் முனையையும் மைக் முனையையும் ஒருசேரத் தொட்டு, இரண்டையும் ஷார்ட் செய்துவிடுகிறது. மைக் வழி எர்த்தோடு ஒட்டியிருப்பதைக் காணும் கணினி, வந்திருப்பது மைக் இல்லாத வெறும் ஹெட்போன் என்று முடிவு செய்கிறது. ஹெட்போன் வந்துவிட்டது என்பதால் ஸ்பீக்கரை அணைக்கிறது. மைக் வரவில்லை என்பதால் உள் மைக்கையே தொடர்ந்து பயன்படுத்துகிறது. நீங்கள் தனித்தனியாகக் கண்ட இரண்டு தொல்லைகளும் ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள். உங்கள் மைக்கின் ஒலியோ செருகியின் நுனி வழியாக, கணினி இடது காதுக்கு ஒலி அனுப்பும் முனையில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. கேமராவின் மைக் துளை மூன்று பகுதிச் செருகிக்கானது என்பதால் அங்கே மட்டும் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

பூஸ்ட் ஏன் உதவவில்லை என்பதும் இப்போது விளங்கும். நீங்கள் உரக்கச் செய்தது உள் மைக்கை. அதோடு, பூஸ்ட் என்பது குரல், இரைச்சல் என்று பிரித்துப் பார்த்துப் பெருக்குவதில்லை. 30 டெசிபல் என்றால் வந்தது எதுவானாலும் மின்னழுத்தத்தில் ஏறத்தாழ 32 மடங்கு. மூலத்தில் குரலுக்கும் இரைச்சலுக்கும் இடைவெளி இல்லாதபோது பெருக்கத்தால் அதை உண்டாக்க முடியாது.

தீர்வு ஒரு சிறு அடாப்டர். ஒரு முனையில் நான்கு பகுதிச் செருகி ஒன்றும், மறு முனையில் இரண்டு துளைகளும் இருக்க வேண்டும். ஒரு துளையின்மேல் மைக் படமும் மற்றதன்மேல் ஹெட்போன் படமும் இருக்க வேண்டும். இதை வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் இதே தோற்றத்தில் வேறு இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று, ஒரே ஒலியை இருவர் கேட்பதற்காக இரண்டு ஹெட்போன்களைச் செருகும் ஸ்பிளிட்டர். அதன் செருகியில் இரண்டே வளையங்கள் இருக்கும், உங்களுக்குப் பயன்படாது. மற்றொன்று நேர் எதிரானது: ஒரு துளையும் இரண்டு செருகிகளும் உடையது, கைபேசி ஹெட்செட்டை, பச்சையும் இளஞ்சிவப்புமாக இரண்டு துளைகள் தனித்தனியே இருக்கும் மேசைக்கணினியில் பொருத்துவதற்கானது. வளையங்களை எண்ணிப் பார்த்து, படங்களையும் பார்த்து வாங்குங்கள்.

அடாப்டரைவிடச் சற்றே நல்ல வழி, தனி மைக் துளையுடைய சிறிய யு.எஸ்.பி சவுண்ட் கார்டு. விரல் நீளமே இருக்கும். கணினிக்கு அது ஒரு தனிக் கருவியாகத் தெரிவதால், எந்த மைக் பதிவு செய்கிறது என்ற குழப்பம் பட்டியலிலேயே தீர்ந்துவிடும். வாங்குமுன், அதில் இருப்பது தனி மைக் துளையா, அல்லது உங்கள் மடிக்கணினியில் இருப்பதுபோன்ற பொதுத் துளையா என்று பாருங்கள். பொதுத் துளையாக இருந்தால் இந்தக் கதை முதலிலிருந்து தொடங்கும்.

காலர் மைக்குகளில் பெரும்பாலானவை எலெக்ட்ரெட் வகை. 1962-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கெர்ஹார்டு செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் உருவாக்கிய அந்த முறையில், சவ்வுக்குத் தேவையான மின்னூட்டம் பொருளிலேயே நிலைத்து நிற்கிறது. உள்ளே இருக்கும் சிறு பெருக்கிக்கு மட்டும் சில வோல்ட் தேவைப்படும். கணினியின் மைக் துளையே அதை அதே கம்பி வழியாகத் தந்துவிடும். சில மைக்குகளில் இதற்கெனச் சட்டைப் பொத்தான் அளவிலான எல்.ஆர்.44 பேட்டரியும் ஒரு சுவிட்சும் இருக்கும். உங்களுடையதில் அப்படி ஒரு சிறு பெட்டி இருந்தால் பேட்டரியின் நிலையையும் பார்த்துவிடுங்கள்.

மெல்லிசை எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் சிக்கலும் ஏறத்தாழ இதுவே. மேடையில் பாடப் பயன்படும் டைனமிக் மைக் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் அடியில் மூன்று ஊசிகள் உடைய எக்ஸ்.எல்.ஆர் இணைப்பு. அதிலிருந்து 3.5 மில்லிமீட்டர் செருகிக்கு வரும் ஒரு கம்பியை வாங்கி, மேசைக்கணினியின் இளஞ்சிவப்புத் துளையில் செருகியிருக்கிறேன். சுரண்டல் சோதனையில் என் மைக் தேறிவிட்டது. ஆனால் உரக்கப் பாடினால் மட்டுமே கேட்கிறது. பேசினால் இரைச்சலுக்குள் குரல் மூழ்கிவிடுகிறது. இதற்கும் அடாப்டர் உதவுமா?

காந்தநாடா எழுதியது:

உதவாது. உங்களுடையது இணைப்புச் சிக்கல் அல்ல, வலிமைச் சிக்கல்.

டைனமிக் மைக் என்பது காந்தத்துக்குள் அசையும் ஒரு கம்பிச்சுருள். மின்னூட்டம் எதுவும் இல்லாமல் குரலின் ஆற்றலைக் கொண்டே மின்சாரம் உண்டாக்குவதால், அது தருவது மிகச் சிறிய அளவாகவே இருக்கும். மேடைகளில் பரவலாகக் காணப்படும் ஷூர் எஸ்.எம்.58 மைக்கை எடுத்துக்கொண்டால், 94 டெசிபல் அளவுள்ள உரத்த ஒலிக்கே அது 1.85 மில்லிவோல்ட்தான் தருகிறது. சாதாரணப் பேச்சுக்கு இன்னும் குறைவு. அதை நல்ல பதிவுக்குரிய அளவுக்குக் கொண்டுவர 50 முதல் 60 டெசிபல் வரை பெருக்க வேண்டும். 60 டெசிபல் என்றால் மின்னழுத்தத்தில் 1000 மடங்கு. கணினியின் மைக் துளையில் இருக்கும் பெருக்கி எலெக்ட்ரெட் மைக்குகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. அதை இந்த அளவுக்கு விரட்டினால் குரலைவிட அதன் சொந்த இரைச்சல்தான் முன்னால் ஓடிவரும்.

இன்னொன்றும் அந்தக் கம்பியில் வீணாகிறது. எக்ஸ்.எல்.ஆர் இணைப்பில் முதல் ஊசி எர்த். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஒரே ஒலி, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் வருகிறது. வழியில் புகும் மின்னிரைச்சல் இரண்டு கம்பிகளிலும் ஒரே திசையில் ஏறும். பெறும் கருவி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது இரைச்சல் மறைந்து குரல் மட்டும் தங்கும். 3.5 மில்லிமீட்டருக்கு மாற்றும் கம்பி இந்த ஏற்பாட்டையே கலைத்துவிடுகிறது. கம்பி எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து வேறொரு விந்தையும் நேரலாம்: இரண்டாவது ஊசியை இடப்பக்கமாகவும் மூன்றாவதை வலப்பக்கமாகவும் இணைத்த கம்பியை ஸ்டீரியோ உள்ளீடு உடைய பதிவுக் கருவியில் செருகினால், ஹெட்போனில் குரல் கேட்கும், அதே பதிவை ஒற்றைத் தடமாக மாற்றிய கணத்தில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு குரல் காணாமல் போய்விடும். முதன்முறை இதைக் கண்டபோது கோப்புதான் கெட்டுவிட்டது என்று நான் அரைநாளை வீணாக்கினேன்.

உங்களுக்குத் தேவை, எக்ஸ்.எல்.ஆர் துளையும் நல்ல பெருக்கியும் உடைய யு.எஸ்.பி ஆடியோ இன்டர்பேஸ், அதாவது மைக்கைக் கணினியோடு இணைக்கும் சிறு பெட்டி. அதில் 48 வோல்ட் என்று எழுதிய ஒரு பொத்தான் இருக்கும். அது பேண்டம் பவர். வெளியிலிருந்து மின்சாரம் தேவைப்படும் கண்டென்சர் வகை மைக்குகளுக்கானது. சரியான எக்ஸ்.எல்.ஆர் கம்பியில் இணைத்த டைனமிக் மைக்குக்கு அதனால் கேடும் இல்லை, பயனும் இல்லை; அதை அழுத்தினால் ஒலி கூடும் என்று எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். அந்த 48 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு சுவையான செய்தி உண்டு. 1966-இல் நார்வே வானொலிக்காக நாய்மன் நிறுவனம் கே.எம்.84 மைக்கைச் செய்தபோது, அங்கிருந்த ஒலிக்கூடங்களில் அவசரகால விளக்குகளுக்காக 48 வோல்ட் மின்சாரம் ஏற்கெனவே இருந்தது. அதையே மைக்குக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். அது உலக வழக்காகிவிட்டது.

இன்டர்பேஸ் வாங்கியபின் குரல் இடது காதில் மட்டும் கேட்கிறது என்று எழுதிவிடாதீர்கள். முதல் துளையில் செருகிய மைக் இடத் தடத்துக்கே போகும். ஆடாசிட்டியில் ஸ்டீரியோவுக்குப் பதில் மோனோவைத் தேர்ந்தெடுத்தால் இரு காதுகளிலும் கேட்கும்.

மாலைவாசகன் எழுதியது:

அடாப்டர் கிடைத்துவிட்டது. செருகியதும் பட்டியலில் 'மைக்ரோபோன்' என்று இரண்டாவது பெயர் ஒன்று தோன்றியபோது ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஆனால் ஆடாசிட்டியில் அந்தப் பெயர் தெரியவில்லை. மீண்டும் செருகியை ஐயப்படத் தொடங்கி, கடைசியில் ஆடாசிட்டியை மூடித் திறந்தபோது பெயர் வந்துவிட்டது. சுரண்டல் சோதனையிலும் இம்முறை காலர் மைக்கே வென்றது. குரல் முற்றிலும் வேறாக, அருகில் அமர்ந்து பேசுவதுபோல் இருக்கிறது.

ஆனால் ஒரு குறை எஞ்சியிருக்கிறது. நான் பேசாமல் இருக்கும் இடங்களில் அடியில் ஒரு தாழ்ந்த 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் கேட்கிறது. மடிக்கணினியின் உலோக விளிம்பில் கை பட்டால் அது குறைகிறது, எடுத்தால் மீள்கிறது. இதை இரைச்சல் நீக்கும் வசதியைக் கொண்டு போக்கிக்கொள்ளலாமா?

காந்தநாடா எழுதியது:

போக்கலாம், ஆனால் வாராமல் தடுக்க முடிகிற இரைச்சலைப் பதிவு செய்துவிட்டு நீக்குவது, சேற்றை மிதித்துவிட்டுக் காலைக் கழுவுவதுபோன்றது. நீக்கும் வசதி ரீங்காரத்தோடு குரலின் அடிப்பகுதியையும் கொஞ்சம் கொண்டுபோகும்.

சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் ஒரு நிமிடம் பதிவு செய்து பாருங்கள். கை பட்டால் மாறுகிறது என்பதால், ரீங்காரம் நின்றுவிடும் என்று ஓரளவு உறுதியாகவே சொல்வேன். எர்த் ஊசி இல்லாத சார்ஜர்களில், இரைச்சலை வடிகட்டும் கண்டென்சர் என்ற சிறு மின்பாகத்தின் வழியாக மின்கட்டமைப்பிலிருந்து மிகச் சிறிய மின்னோட்டம் கணினியின் உடலுக்குக் கசியும். அதன் துடிப்பு நொடிக்கு 50 அல்லது 60, நாட்டைப் பொறுத்து. காதில் 'ம்ம்ம்' என்று கேட்பது அதுவும் அதன் மடங்குகளும்தான். எர்த் ஊசி உள்ள சார்ஜரிலும், அதே கணினியை வேறொரு மின்கருவியோடும் கம்பியால் இணைத்திருந்தால், எர்த் இரண்டு வழிகளில் சுற்றிவந்து இதே ரீங்காரத்தைத் தரும். அப்போது ஒவ்வொரு கம்பியாகக் கழற்றிப் பார்த்தால் எதைக் கழற்றும்போது நிற்கிறது என்பது தெரிந்துவிடும். சார்ஜரின் எர்த் ஊசியை மட்டும் துண்டித்துவிடும் தந்திரத்தை யாராவது சொன்னால் செய்ய வேண்டாம். அது பாதுகாப்புக்காக இருப்பது.

ரீங்காரம் தாழ்ந்ததாக இல்லாமல், 'கீ' என்று மெல்லிய கூர்மையான ஓசையாக இருந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். யு.எஸ்.பி வழியே தரவு நொடிக்கு 1000 சட்டகங்களாகப் போவதால், மின்வடிகட்டல் சரியில்லாத யு.எஸ்.பி மைக்குகளில் 1000 ஹெர்ட்ஸ் அளவில் அந்தத் துடிப்பு கசியும். வேறு துளைக்கு மாற்றுவதும், தனி மின்னிணைப்பு உள்ள ஹப் வழியாகச் செருகுவதும் அதற்குப் பலனளிக்கலாம்.

செப்புக்கம்பி எழுதியது:

காந்தநாடா சொன்னதோடு இரண்டு சிறு குறிப்புகள். ஆடாசிட்டி திறந்தபோது எந்தக் கருவிகள் இணைந்திருந்தனவோ அவற்றை மட்டுமே அறியும். பின்னால் செருகியதைக் காட்ட, மூடித் திறக்கத் தேவையில்லை. ரீஸ்கேன் ஆடியோ டிவைசஸ் என்ற கட்டளை அதற்காகவே இருக்கிறது.

பூஸ்ட்டை 30-இலேயே விட்டிருப்பீர்களானால் காலர் மைக்குக்கு அதைப் பூஜ்யத்துக்கோ 10-க்கோ இறக்கிவிட்டு, உள்ளீட்டு அளவை வைத்தே சரிசெய்யுங்கள். கதையில் நீங்கள் மிக உரக்கப் பேசும் இடத்தை வாசித்து, உச்சங்கள் மைனஸ் 12 முதல் மைனஸ் 6 டெசிபலுக்குள் (பதிவு தாங்கும் உச்ச அளவே இங்கே பூஜ்யம்) நிற்கும்படி வைத்துக்கொண்டால் போதும். சிவப்பைத் தொட்டுச் சிதைந்த குரலை எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க முடியாது. சற்றே மெலிந்த குரலைப் பின்னால் உயர்த்திக்கொள்ளலாம். மைக்கைத் தாடையிலிருந்து ஒரு சாண் கீழே, சட்டையின் நடுவில், துணி உரசாதபடி வைத்துப் பாருங்கள். பக்கம் புரட்டும் ஓசை பிடிபட்டால் தாளைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

மாலைவாசகன் எழுதியது:

சார்ஜரைக் கழற்றிய நொடியில் ரீங்காரம் நின்றது. பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தாங்குவதால், ஒரு கதையை ஒரே அமர்வில் முடித்துவிட முடியும். பூஸ்ட்டைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டேன். அரக்கன் கர்ஜிக்கும் இடத்தில்கூட உச்சம் மைனஸ் 7-ஐத் தாண்டவில்லை. ஸ்பீக்கர் அணைவது தொடர்ந்தாலும், அடாப்டரின் மற்றொரு துளையில் ஹெட்போனைச் செருகிக்கொண்டால் மைக்கைக் கழற்றாமலே கேட்க முடிகிறது.

உள் மைக்கில் பதிவான பழைய கோப்புகளைச் செப்பனிடும் எண்ணத்தை விட்டுவிட்டு, முதல் கதையை இன்று மாலை மறுபடி வாசிக்கத் தொடங்குகிறேன். மெல்லிசை அவர்கள் இன்டர்பேஸ் வாங்கியதும் முடிவை இதே இழையில் எழுதினால் நானும் தெரிந்துகொள்வேன். அனைவருக்கும் நன்றி.